குறுக்கு வீதமா, வழிவீதமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாணயங்களுக்கு இடையிலான மாற்று வீதத்தை மூன்றாவது நாணயம் ஒன்றின் மூலம் கணக்கிட்டால் வருவது 'கிராஸ் ரேட்'. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்குக் 'குறுக்கு வீதம்' என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. பட்டியலில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பரிந்துரை 'வழிவீதம்'.

இந்திய ரூபாயையும் இலங்கை ரூபாயையும் எடுத்துக்கொள்வோம். இவை இரண்டும் நேருக்கு நேர் விலைபேசப்படும் பெரிய சந்தை கிடையாது. ஒரு டாலருக்கு இத்தனை இலங்கை ரூபாய், இத்தனை இந்திய ரூபாய் என்று தனித்தனியே தெரியும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று வரும். இந்த விடைக்குத்தான் பெயர் தேடுகிறோம். இதில் குறுக்கே என்ன இருக்கிறது? தமிழில் குறுக்கு வழி என்றால் தூரம் குறையும். குறுக்கே நின்றால் தடை. இங்கே நடப்பதோ இன்னொரு நாணயத்தைச் சுற்றிக்கொண்டு போவது.

'வழி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் இருக்கின்றன: 'மூலமாக' என்பது ஒன்று, 'பின்தோன்றியது' என்பது இன்னொன்று. முதல்நூல், வழிநூல் என்று நம் இலக்கண மரபு பிரித்தது இந்த இரண்டாம் பொருளில்தான். அதே முறையில் டாலருக்கு எதிரான இரண்டு வீதங்களையும் 'முதல்வீதம்' என்றும், அவற்றிலிருந்து பிறப்பதை 'வழிவீதம்' என்றும் சொல்லலாம்.

பழைய கணக்குகளுக்குப் போனால் இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 1966 வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சமம். 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கும் வரை இலங்கை ரூபாய் நேரடியாகவே இந்திய ரூபாயோடு பிணைக்கப்பட்டிருந்தது. இந்திய ரூபாயோ பிரிட்டிஷ் பவுண்டோடு, ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று, பிணைக்கப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இரண்டும் கூடவே இறங்கின, டாலர் 4.76 ரூபாயானது, தங்களுக்குள் சமம் மாறவில்லை. 1950க்குப் பிறகு இரண்டும் பவுண்டோடு ஒரே அளவில் நின்றன; ஆக அதன் பிறகான சமம் ஒரு வழிவீதம்தான், பவுண்டு வழியாக வந்தது.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50 என்று இறக்கியது. இலங்கை 4.76இலேயே நின்றது. ஒரே நாளில் 100 இலங்கை ரூபாய் ஏறத்தாழ 157 இந்திய ரூபாய்க்குச் சமமாகிவிட்டது. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி இறங்க, இலங்கையும் 5.95க்கு வந்தது, அந்த 157 இப்போது 126 ஆனது.

சிக்கல் 1968 மே மாதத்தில் தொடங்குகிறது. இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ்த் திட்டத்தை (சில பரிவர்த்தனைகளுக்கு அந்நியப் பணத்தோடு சான்றிதழுக்கும் விலை சேரும் முறை) கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர் ஏற்றுமதிக்கும் அரிசி போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் பழைய 5.95, மற்றப் பல பொருள்களுக்கு அதன் மேல் 44 சதவீதம் கூடுதல், அதாவது ஏறக்குறைய 8.57. முதல்வீதம் இரண்டானதால் வழிவீதமும் இரண்டானது. முதல் கணக்கில் ஓர் இலங்கை ரூபாய்க்கு 1.26 இந்திய ரூபாய். மற்றதில் 88 பைசாகூட இல்லை. எந்த ரூபாய் மதிப்பு கூடியது என்ற கேள்விக்கே இரண்டு விடை! 1977 நவம்பரில் வீதங்கள் ஒன்றாக்கப்பட்டு, டாலர் 16 ரூபாயை ஒட்டி வந்த பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒரே எண்ணைப் போட்டு நகரும் அட்டவணைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 'சான்றிதழ் வழிவீதம்', 'அலுவல் வழிவீதம்' என்று பிரித்து எழுத நம் சொல் இடம் தரவேண்டும்.

இடைநாணயத்தையும் அப்படியே முன்னால் சேர்க்கலாம்: பவுண்டு வழிவீதம், டாலர் வழிவீதம். இது வெறும் அலங்காரம் இல்லை. இரு நாடுகளும் உறுப்பினராக உள்ள ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் (நாடுகளுக்கிடையிலான பாக்கிகளைத் தீர்க்கும் அமைப்பு) கணக்கு அலகே முதலில் பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமை (எஸ்.டி.ஆர்.) எனும் அலகுக்குச் சமமாக இருந்தது; 1996 முதல்தான் டாலருக்குச் சமமாக வைக்கப்பட்டது. எதன் வழி என்பது காலத்தோடு மாறுகிறது. 'குறுக்கு வீதம்' இதைச் சொல்லாது.

அப்புறம், 'வீதமா விகிதமா' என்ற கேள்வி. வீதம் என்றே வைப்போம். பள்ளிக் கணக்கில் 'நேர் விகிதம்' வேறொன்று. இங்கே இரு நாணயங்களுக்கு இடையே நேரடியாகப் பேசப்படும் வீதத்தை 'நேர்வீதம்' என்றால் மோதல் வராது. இலங்கை வழக்கும் நாணய மாற்று வீதம்தான்.

'வரலாற்று மாற்று வீதம்' பற்றியும் ஒரு வரி. கணக்கியலில் அது பரிவர்த்தனை நடந்த நாளின் வீதம். அதற்கு 'அன்றைய வீதம்' போதும், வரலாறு வேண்டாம்.

'வழிவீதம் என்றால் சாலைக் கட்டணம் போல இருக்கிறது' என்ற ஆட்சேபம் நியாயமானது. தனியாகப் பார்த்தால் அப்படித் தோன்றலாம்தான். ஆனால் வழித்தோன்றல், வழிமொழிதல் எல்லாம் சாலையை நினைவூட்டுவதில்லை. முதல் இடத்தில் 'நாணய வழிவீதம்' என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும்: வழிவீதத்தைத் தரும் இடத்தில் இரண்டு முதல்வீதங்களையும் தரவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 2.7 இலங்கை ரூபாய். மே நடுவில் 4.6. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இந்திய ரூபாய் வலுத்தது என்பார். டாலருக்கு எதிராக அதுவும் சற்று இறங்கியேதான் இருந்தது. 200ஐ ஒட்டி இருந்த டாலர் 360க்குப் போனது இலங்கைப் பக்கத்தில்.

பதிவுக்கு என் முன்மொழிவு: முதல்வீதம், வழிவீதம், இடைநாணயம், அன்றைய வீதம். இலங்கை நண்பர்கள் அங்குள்ள வங்கி வழக்கில் இவற்றில் எது இடறுகிறது என்று சொன்னால் அதற்கேற்ப மாற்றலாம்.