அம்மா பாசி எடுக்கப் போன நாட்களில்

சின்ன வயதில் கூழும் மீனும் சாப்பிட்டோம், அதனால் சர்க்கரை நோய் இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு ஊர் பாம்பன் பக்கம், வயது 38. மூன்று வருடத்துக்கு முன்னால் வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 148, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7.4. (126, 6.5 வந்தாலே சர்க்கரை நோய் கணக்குதான்.) ஆள் ஒல்லி, ஆனால் இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம்.

அம்மா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும் முன்பே கடல்பாசி எடுக்கப் போய்விடுவாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி எடுக்கிற வேலை. காலையில் சமைக்க ஏது நேரம்? தூக்குவாளியில் சீனி அள்ளிப் போட்ட கடுங்காப்பி, பக்கத்தில் ஆளுக்கு நாலு வருக்கி. நாங்கள் பள்ளிக்கூடம் போனது அதைத் தின்றுவிட்டுத்தான். விலை போகிற மீன் எல்லாம் கம்பெனிக்குப் போய்விடும், காரலும் சூடையும் ராத்திரிக் குழம்புக்கு வரும். தம்பி கைக்குழந்தையாக அழுதால் பாட்டி சீனித் தண்ணிதான் கொடுப்பாள். நானும் என் மகனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே காப்பியில் வருக்கியை நனைத்து ஊட்டினேன். பாசமாகத்தான்.

அவனுக்குப் பதினொரு வயதில் பின்கழுத்து கறுத்தது. அழுக்கு என்று நினைத்துப் பயத்தம்மாவு போட்டுத் தேய்த்தேன், அவன் வலிக்குதும்மா என்று அழும்வரை தேய்த்தேன். ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டரம்மா, இது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது அளவுக்கு மேல் சுரக்கிறது, அதன் அடையாளம் என்றார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1953 வரை சீனிக்கு ரேஷன், அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு இருந்திருக்கிறது. கருவில் இருந்த நாள் முதல் இரண்டு வயது வரை அந்த ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, அது முடிந்த பிறகு கருவானவர்களைவிட, பிற்காலத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. என் நோய் முழுக்கக் கடுங்காப்பியால் வந்தது என்று சொல்லமாட்டேன், அப்பாவுக்கும் சுகர் உண்டு. ஆனால் அந்த முதல் இரண்டு வருடம் இவ்வளவு முக்கியம் என்று ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான், நான் ஆறு மாதம் அப்படிக் குடித்து ஏமாந்தேன்.

இப்போது காலையில் அவித்த முட்டை, சுண்டல், இரண்டு இட்லி. மகன் சாயங்காலம் கடற்கரையில் பந்து விளையாடுகிறான், கழுத்துக் கறுப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. எனக்கு மாத்திரையோடு மூன்று மாதச் சராசரி 6.6.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நான்தான் உனக்கு நோயக் குடுத்தேனாடி?" என்று கேட்டாள். "இல்லம்மா, நீ அத வச்சிட்டுப் போகலன்னா நாங்க பட்டினியால்ல கெடந்திருப்போம்" என்றேன். அவளுக்கு 64 வயது, இன்னும் பாசிக்குப் போகிறாள், சுகர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த அமாவாசை கழிந்ததும் கூட்டிப்போக வேண்டும்.