புதுப்பிப்பு: கூட்டுத் திட்டம் பலித்ததா என்று எப்படி அளப்பது?

ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சமூகக் கூட்டுத் திட்டங்கள் பற்றிய என் முந்தைய இழையில், ‘வகுப்பு நடத்திவிட்டுப் போனால் போதாது’ என்று எழுதியிருந்தேன். ‘சரி, வேறு எப்படித்தான் அளப்பது?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இது.

வங்கதேசத்தில் 1980களில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பின் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கையே அளவு சொல்லிவிடும். பிறகு வேறொருவர் போய்ச் சோதிப்பார். தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம்! வருகைப் பதிவேட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்படியும் தொடக்கத்தில் தாய்மார்கள் பலர் கற்றதைப் பயன்படுத்தவில்லை. அப்புறம்தான் பிராக் பணியாளர்கள் ஆண்களிடமும் பேச ஆரம்பித்தார்கள், சந்தைகளிலும் மசூதிகளிலும்.