இரும்பின் 5012 ஆங்ஸ்ட்ராம் கோடு: விளக்கின் மின்னோட்டத்தைக் கூட்டினால் கிளைப் பின்னமும் கூடுவது ஏன்?

ஆய்வு மாணவி:
வணக்கம். நடுநிலை இரும்பணுவின் நிலைமாற்ற நிகழ்தகவுகளை (அணு ஒரு விநாடியில் குறிப்பிட்ட கோட்டின் ஒளியை உமிழ்ந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும் வாய்ப்பை) அளக்கும் வேலையில் மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். நான் எடுத்துக்கொண்ட மேல் ஆற்றல்மட்டம் 26,874.55 செ.மீ.⁻¹-இல் உள்ளது. அதிலிருந்து தரைமட்டத்துக்கு (அணுவின் மிகத் தாழ்ந்த ஆற்றல்மட்டத்துக்கு) இறங்கும் 3719.93 ஆங்ஸ்ட்ராம் கோடே ஏறத்தாழ எல்லா ஒளியையும் கொண்டுபோய்விடுகிறது. எனக்கு வேண்டியதோ அதே மட்டத்திலிருந்து கிளம்பும் மெலிந்த 5012.07 கோடு. மட்டத்தின் ஆயுட்காலம் சுமார் 61 நானோ விநாடி என்பது லேசர் தூண்டிய ஒளிர்வு அளவீடுகளிலிருந்து தெரியும் என்பதால், கிளைப் பின்னத்தை, அதாவது அந்த மட்டத்திலிருந்து வெளிவரும் எல்லா ஃபோட்டான்களிலும் ஒரு கோட்டின் பங்கை, அந்த ஆயுட்காலத்தால் வகுத்தால் நிகழ்தகவு வந்துவிட வேண்டும்.

ஆர்கான் நிரப்பிய, இரும்புக் குழலே எதிர்மின்வாயாக அமைந்து அதற்குள் ஒளி எழும் ஹாலோ கேத்தோடு விளக்கையும் ஃபூரியே உருமாற்ற நிறமாலைமானியையும் பயன்படுத்துகிறேன். 5012 கோட்டின் கிளைப் பின்னம் 50 மில்லி ஆம்பியரில் 0.0037, 150-இல் 0.0041, 300-இல் 0.0046 என்று வருகிறது. வெளியான மதிப்புகளின்படி அது 0.0034-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கிளைப் பின்னம் அணுவின் சொந்தப் பண்பு. நான் விளக்கை எப்படி எரிக்கிறேன் என்பது அதற்குத் தெரியவே கூடாது அல்லவா? வெவ்வேறு அலைநீளங்களில் கருவியின் உணர்திறனைச் சரிபார்க்கும் அளவுதிருத்தத்தை, ஹாலோ கேத்தோடு விளக்கு இருந்த இடத்தில் டங்ஸ்டன் விளக்கை வைத்துச் செய்தேன். பிழை எங்கே?

கணக்குப் பிரியன்:
0.0046-ஐ 0.0034-ஆல் வகுத்தால் 1.35 வருகிறது, 5012-ஐ 3720-ஆல் வகுத்தாலும் 1.35 தான் வருகிறது. கிளைப் பின்னம் ஃபோட்டான் எண்ணிக்கையின் விகிதமே தவிர ஆற்றலின் விகிதம் அன்று. ஏற்கெனவே ஃபோட்டான் அலகில் இருக்கும் செறிவை உங்கள் நிரல் இன்னொரு முறை அலைநீளத்தால் பெருக்குகிறதா என்று பாருங்கள்.

ஆய்வு மாணவி:
பார்த்தேன், பெருக்கவில்லை. மேலும், மூன்று மின்னோட்டங்களுக்கும் ஓடுவது ஒரே நிரல். அலகுப் பிழையாக இருந்தால் 50-இலும் அதே 1.35 மடங்கு வந்திருக்க வேண்டும்.

கணக்குப் பிரியன்:
உண்மைதான். எண் பொருந்தியதும் அவசரப்பட்டுவிட்டேன்.

பழைய விளக்குக்காரர்:
இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டும் ஒரே திசையில் ஏமாற்றும். முதலாவது தன்னுறிஞ்சல். 3719.93 தரைமட்டத்துக்கு இறங்கும் கோடு என்பதால், குழலுக்குள் தரைமட்டத்தில் நிற்கும் இரும்பணுக்கள் அந்த ஒளியை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. மின்னோட்டம் கூடும்போது குழலின் சுவரிலிருந்து சிதறிப் பறக்கும் இரும்பணுக்கள் பெருகி, வலுவான கோடு மட்டும் மெலிந்து, மெலிந்த கோட்டின் பங்கு பெரிதாகத் தெரியும். இரண்டாவது, விளக்கின் சாளரத்தில் படியும் இரும்புப் படலம். அது புற ஊதாப் பக்கத்தை அதிகமாக மறைக்கும். டங்ஸ்டன் விளக்கின் ஒளி அந்தச் சாளரத்தைக் கடப்பதே இல்லை என்பதால் உங்கள் அளவுதிருத்தம் அதைக் காணாது.

இரண்டையும் பிரிக்க, 300-இல் அளந்த கையோடு மீண்டும் 50-க்கு இறக்கி அளவிடுங்கள். மதிப்பு பழையபடி இறங்கினால் தன்னுறிஞ்சல், இறங்காவிட்டால் சாளரம். கோட்டின் அகலத்தையும் சொல்லுங்கள்.

ஆய்வு மாணவி:
நேற்று இரவு முழுவதும் அதைத்தான் செய்தேன். 50-க்குத் திரும்பியபோது 0.0038 வந்தது, பெரும்பகுதி இறங்கிவிட்டது, ஆனால் முழுவதும் அன்று. 3719.93-இன் அகலம் 50-இல் 0.075 செ.மீ.⁻¹, 300-இல் 0.10; அதன் உச்சி சற்றுத் தட்டையாகவும் தெரிகிறது. மின்னோட்டம் கூடினால் வாயு சூடேறுவதாலும் கோடு அகலமாகும் அல்லவா?

பழைய விளக்குக்காரர்:
ஆகும், ஆனால் வெப்பம் பாகுபாடு பார்க்காது. டாப்ளர் அகலம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 0.075 வெப்பத்தால் மட்டும் 0.10 ஆக வேண்டுமானால் வெப்பநிலை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆக வேண்டும், 5012 கோடும் அதே விகிதத்தில் அகன்றிருக்க வேண்டும். அகன்றதா?

ஆய்வு மாணவி:
இல்லை. 0.055-இலிருந்து 0.058 ஆனதோடு சரி.

பழைய விளக்குக்காரர்:
அப்படியானால் ஐயமில்லை, பெரும்பகுதி தன்னுறிஞ்சலே. எஞ்சிய சிறு பகுதிக்குச் சாளரத்தைக் கழற்றி வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். அளவுதிருத்தத்துக்கு ஆர்கான் அயனிக் கோடுகளின் அறியப்பட்ட கிளை விகிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை இரும்பின் ஒளி வரும் அதே குழலிலிருந்து, அதே சாளரத்தின் வழியாக வருகின்றன.

இது சிறு விஷயம் அன்று. 0.0046-ஐ அப்படியே எடுத்திருந்தால் நிகழ்தகவின் பத்தடி மடக்கையில் 0.13 பிழை நுழைந்திருக்கும்; ஒரு விண்மீனின் இரும்புச் செறிவைக் கணிப்பவர் அதை அந்த விண்மீனின் குணமாகவே எடுத்துக்கொண்டிருப்பார். 1960-களில் சூரியனின் ஒளிமண்டலத்தில் இரும்பு, விண்கற்களில் இருப்பதைவிடப் பத்து மடங்கு குறைவு என்று நம்பப்பட்டதற்கு மின்வில் ஒளியிலிருந்து பெற்ற பிழையான நிகழ்தகவுகளே முக்கியக் காரணம். கீல் நகரில் கார்ட்ஸ், கொக் இருவரும் 1969-இல் வெளியிட்ட அளவீடுகள் அந்த இடைவெளியை மூட உதவின. ஆக்ஸ்போர்டில் பிளாக்வெல் குழுவினர் உலையில் உறிஞ்சல் முறையில் பெற்ற மதிப்பின்படி 5012 கோட்டின் நிகழ்தகவு விநாடிக்கு 5.5×10⁴. முற்றிலும் வேறு வழியில் வந்த எண் என்பதால் ஒப்பிட அதுவே நல்லது.

ஆய்வு மாணவி:
சாளரத்தின் நடுவில் நாணய அளவில் வெளிர்பழுப்புப் படலம் இருந்தது; தாளின்மேல் வைக்கும்வரை கண்ணில் படவே இல்லை. சுத்தம் செய்து, ஆர்கான் கோடுகளைக் கொண்டு அளவுதிருத்தி, 20, 30, 40, 50 மில்லி ஆம்பியரில் மீண்டும் அளந்து, மின்னோட்டம் பூச்சியமாகும் எல்லைக்கு நீட்டிப் பார்த்தேன். 0.0035 வந்தது. ஆயுட்காலத்தால் வகுத்தால் விநாடிக்கு 5.7×10⁴, என் பிழை வரம்பு 6 விழுக்காடு என்பதால் ஆக்ஸ்போர்டு மதிப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது. 20 மில்லி ஆம்பியரில் 5012 கோடு இரைச்சலில் பாதி மூழ்கிக் கிடப்பதால், அந்த ஒரு புள்ளிக்காக இன்றிரவு எட்டு மணி நேரம் பதிவு ஓடவிட்டிருக்கிறேன்.