கூரையில் மிஞ்சும் கரண்டில் சுடுதண்ணி: புதிதாக வந்தவர்களுக்கு

இதைக் கிளிநொச்சியில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். மெல்பேர்ணில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பொங்கலுக்கு என்று ஆறு கிழமை லீவில் வந்திருக்கிறேன். விடியப்புறம் நல்ல பனி. பின்பக்கத்தில் அம்மா கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, ஊமலையும் கங்குமட்டையையும் தள்ளி எரித்துக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரனுக்குக் கிணற்றுத் தண்ணி ஒத்துக்கொள்ளாதாம். அந்தப் புகைக்குள் இருந்து சுடுதண்ணியைப் பற்றி எழுதுவதும் ஒரு பொருத்தம்தான்.

விஷயம் இதுதான். முள்ளியவளைத் தம்பி ஒருவர் மெல்பேர்ணுக்குப் போய் ஐந்து மாதம். மனைவியும் கைக்குழந்தையும் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வாடகை வீட்டுக் கூரையில் 5 கிலோவாற் சோலர் இருக்கிறது. "அண்ணை, பகல் முழுக்க மீற்றர் வெளியாலை அனுப்புது, ஆனா பில் குறையேல்லை. வீட்டுக்காரன் சோலர் எண்டு சொல்லித்தான் வாடகையையும் கூட்டினவன்" என்று பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

தம்பி, பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கும் யூனிற் 30 சதத்துக்குக் கிட்ட. நீங்கள் விற்கும் யூனிற் 3 சதம். மெல்பேர்ண் இருக்கிற விக்ரோறியா மாநிலத்தில் ஒரு காலத்தில் கூரைக் கரண்டுக்கு 60 சதம் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் 2024 நவம்பரோடு முடிந்தது. 2024-25க்கு மாநிலம் வைத்த குறைந்தபட்ச விலையே 3.3 சதம்தான், அதன்பிறகு இன்னும் கீழே போய்விட்டது. நெல்லை அறுவடை நேரத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஐப்பசியில் அரிசியைக் கடையில் வாங்குகிற கதைதான் இது. வன்னியில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் பில்லில் இன்னொரு வரியும் இருக்கிறது, "கொன்றோல்ட் லோட்" என்று. அதுதான் சுடுதண்ணித் தாங்கி. அதற்குத் தனி வயர், தனிக் கணக்கு. இரவில் கொஞ்சம் மலிவான விலைக்குக் கரண்ட் வாங்கிச் சூடாக்கும். கூரையில் இருந்து வருகிற கரண்ட் அந்தக் கணக்கில் கழியாது. பகலில் நீங்கள் 3 சதத்துக்குக் கொடுக்கிறீர்கள், இரவில் அதே வீட்டுத் தாங்கி 20 சதத்துக்கு மேல் வாங்குகிறது. பில் எப்படிக் குறையும்?

எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணியை ஒரு பாகை ஏற்ற 1.16 வாற்-மணி வேண்டும். ஆயிரம் வாற்-மணிதான் ஒரு யூனிற். மெல்பேர்ண் மாரியில் குழாய்த் தண்ணி 10 பாகை அளவில் வரும், கை விறைத்துப்போகும். 200 லீற்றரை அதிலிருந்து 60க்கு ஏற்ற 11.6 யூனிற். இங்கே அம்மாவின் கிணற்றுத் தண்ணி 27, 28 பாகை. அதே தாங்கியை இங்கே வைத்தால் ஏழரை யூனிற் போதும். ஊரில் சுடுதண்ணிச் செலவு என்று ஒன்றை நாங்கள் கண்டதே இல்லை. வெயிலில் கிடந்த கறுப்பு ஹோஸ் பைப்பைத் திறந்தால் முதல் வாளி கையைச் சுடும், மிச்சத்துக்கு விறகு. அதனால்தான் புதிதாகப் போகிறவர்கள் ரீவியையும் லைற்றையும் ஓடி ஓடி நிறுத்துகிறோம். கராஜுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கிற தாங்கியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாங்கி முழுக்க வெந்நீர் என்றால் அது ஒரு பற்றரிதான். பற்றரிக்குப் பல ஆயிரம் டொலர். தாங்கி ஏற்கெனவே உங்கள் வீட்டில் நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தாங்கி எந்த வகை என்று பாருங்கள். சுவரில் சின்னப் பெட்டியாகத் தொங்கி, குழாய் திறந்ததும் "டிக் டிக்" என்று பற்றினால் அது காஸ். அதில் சோலருக்கு வேலையில்லை, விட்டுவிடுங்கள். உயரமான வெள்ளைத் தாங்கி, காஸ் குழாயும் காற்றாடியும் இல்லை என்றால் உள்ளே ஹீற்றர் கம்பி இருக்கிற வகை. மேலேயோ பக்கத்திலோ காற்றாடி ஓடினால் ஹீற் பம்ப், வெளிக் காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணியைச் சூடாக்குகிற வகை.

ஹீற்றர் கம்பித் தாங்கிக்கு நான் முதலில் சொல்வது ரைமர் மட்டும். எலெக்ற்றீசியன் வந்து தாங்கியைத் தனி வயரில் இருந்து வீட்டு வயருக்கு மாற்றி, காலை 10 மணியில் இருந்து பின்னேரம் 3 மணி வரை மட்டும் ஓடும்படி ரைமர் பூட்டினால் சரி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊரில் மாதிரி ஸ்குரூ டிரைவரும் ரெஸ்ரரும் எடுத்துக்கொண்டு நீங்களே இறங்காதீர்கள். விசுவமடுவில் பத்தாம் வகுப்புப் பெடியனே வீட்டுக்கு வயரிங் செய்வான், தெரியும். அவுஸ்ரேலியாவில் லைசென்ஸ் இல்லாதவர் நிரந்தர வயரில் கை வைப்பது சட்டப்படி குற்றம், ஏதும் நடந்தால் காப்புறுதியும் கையை விரிக்கும்.

ரைமரில் ஒரு குறை உண்டு. தாங்கிக் கம்பி பெரும்பாலும் 3.6 கிலோவாற். அங்கே மாரியான ஆடி மாதத்தில், முகில் மூடிய நாளில் உங்கள் 5 கிலோவாற் கூரை ஒன்றரைகூடத் தராது. மிச்ச இரண்டையும் வெளியில் இருந்து முழு விலைக்கு இழுக்கும். இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 3.6 கம்பியைக் கழற்றி 1.8 போட்டால் ஆறுதலாக, கூடுதல் நேரம் எடுத்துச் சூடாக்கும், பெரும்பாலான நாளில் கூரை தருவதற்குள் அடங்கிவிடும். கம்பிக்குப் பெரிய விலையில்லை. ஆனால் சோலர் விற்க வருகிற எவரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது டைவேற்றர், மிஞ்சுகிற கரண்டைத் தாங்கிக்குத் திருப்பிவிடுகிற ஒரு பெட்டி. மீற்றர் வயரில் ஒரு கிளிப்பை மாட்டி, வெளியே எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 700 வாற் மிஞ்சினால் 700 மட்டும் கம்பிக்கு விடும், பக்கத்தில் கேத்தில் போட்டால் உடனே குறைக்கும். வெறும் கம்பிக்குக் குறைந்த கரண்டோ கூடின கரண்டோ எல்லாம் ஒன்றுதான், கிடைத்ததைச் சூடாக்கிவிடும். ஹீற் பம்புக்குள் கொம்பிரசர் இருக்கிறது, அதற்கு இப்படி அரைகுறையாகக் கொடுக்கக்கூடாது. அதற்கு ரைமரே போதும், ஹீற் பம்ப் கம்பி எடுப்பதில் மூன்றில் ஒன்றுதான் எடுக்கும்.

டைவேற்றர் கதையில் எனக்கு ஒரு அடி. பூட்டிய மாதமே பில் கூடிவிட்டது. ஒருநாள் இரவு ஏழரைக்கு மனைவி புட்டு அவிக்க, நான் தற்செயலாகப் பெட்டியைப் பார்த்தேன். "உபரி 2.4" என்று காட்டுகிறது. இருட்டுக்குள் எங்கே உபரி? பூட்டியவர்கள் கிளிப்பைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வருகிற கரண்டை வெளியே போவதாக நினைத்து, நாங்கள் அடுப்பைப் போடப் போட ஹீற்றரும் சேர்ந்து எரிந்திருக்கிறது. கிளிப்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், அவ்வளவுதான் பிரச்சினை. அதைத் திருப்ப அவர்கள் வந்து சேர மூன்று கிழமை. நீங்கள் பூட்டினால் அன்று இரவே, சூரியன் போன பிறகு, பெட்டி பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அதேபோல ரைமர் மணிக்கூடு. ஐப்பசியில் அங்கே நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அப்புறம் மெல்பேர்ணில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்று இருபதுக்குக் கிட்ட. பழைய ரைமருக்கு இது தெரியாது, நீங்கள்தான் போய்ச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, சோலர் வீடு வாங்கப் பார்க்கிறவர்களுக்கு: அவுஸ்ரேலியாவில் சூரியன் வடக்கால் போகும். பனல் தெற்குக் கூரையில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மிச்சம் பிடிக்கிறோம் என்று தாங்கியின் சூட்டை 45க்குக் குறைக்காதீர்கள். 20க்கும் 45க்கும் இடையில் நிற்கிற தண்ணியில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும், ஷவர் ஆவியோடு நெஞ்சுக்குள் போகும். அதனால்தான் அங்கே தாங்கிக்குள் 60 பாகை வேண்டும் என்று விதி. ரைமரோ டைவேற்றரோ, முகில் நாட்களிலும் தாங்கி 60க்கு ஏறும்படி வைக்க வேண்டும். ஆனால் 60 பாகைத் தண்ணி குழந்தையின் தோலை ஒரு செக்கனில் பொசுக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பித்தளை வால்வ், குளியலறைக்கு 50க்கு மேல் போகவிடாது. அம்மா கிடாரத்துத் தண்ணியை வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணி விட்டு விளாவி, முழங்கையை வைத்துப் பார்ப்பாரே, அந்த வால்வ் செய்வது அதே விளாவுகிற வேலைதான். பழைய வீடுகளில் இது இல்லாமலும் இருக்கும், பிளம்பரிடம் கேளுங்கள். வால்வ் இருந்தாலும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கைப் பழக்கத்தை விடாதீர்கள்.

லண்டனில் இருந்து ஒரு அக்கா, தானும் டைவேற்றர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அக்கா, அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் கொம்பி பொயிலர், அதாவது குழாய் திறந்ததும் தண்ணியைச் சூடாக்குகிற காஸ் பெட்டி என்றால் தாங்கியே இல்லை, கதை முடிந்தது. தாங்கி இருந்தாலும் உங்கள் கணக்கு வேறு. அங்கே காஸ் யூனிற் கரண்டை விட நல்ல மலிவு. கூரைக் கரண்டுக்கு அந்தக் காஸ் விலையை விடக் கூடக் கொடுக்கிற கம்பனிகள் இருக்கின்றன. கூடின விலைக்கு விற்கக்கூடியதை எரித்து மலிவான காஸை மிச்சம் பிடிப்பது நட்டம். 2019 பங்குனி முடிவதற்குள், கூரைக் கரண்டுக்குக் காசு கொடுக்கிற பழைய அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. அவர்களில் பலருக்குத் தயாரித்ததில் பாதி வெளியே போனதாக வைத்தே காசு கொடுக்கிறார்கள், எனவே உள்ளே எரித்தாலும் அந்தக் காசு குறையாது. அவர்கள் தாராளமாகப் பூட்டலாம். லண்டன் தண்ணி எங்கள் வன்னிக் கிணறு மாதிரிக் கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா, ஹீற்றர் கம்பியிலும் அதே படை.

ரொறன்ரோக்காரருக்கு இது தேவையே இல்லை. ஒன்ராறியோவில் வெளியே அனுப்பும் கரண்ட் பில்லில் கழிந்து, மிஞ்சியது பன்னிரண்டு மாதம் வரை வரவில் நிற்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது கதவைத் தட்டி ஹீற்றர் வாடகைக்குத் தருகிறவர்களை. கேட்காமல் வீட்டுக்கு வந்து அப்படி ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச்சில் இருந்து அங்கே தடை. தமிழில் பேசுகிறார், எங்கள் ஊர்ப் பக்கம் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே அப்பாவும் போன வருடம் கூரையில் சோலர் போட்டுவிட்டார். லைன் கடைசியில் இருக்கிற வீடு, மத்தியானம் வோல்ற்றேஜ் ஏறி, சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். 2025 சித்திரை வருடப்பிறப்பு நேரம் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி அரசாங்கமே கேட்டது. நாடு லீவில், கரண்ட் எடுக்க ஆளில்லை. சண்டைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊரில் கரண்ட் கூடிப்போய்விட்டதாம் என்று அப்பாவுக்கு இன்னும் சிரிப்பு. அவர் டைவேற்றரும் வாங்கவில்லை ஒன்றும் வாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கிணற்று மோட்டரைப் போட்டு மேல் தாங்கியை நிரப்புகிறார். அது ஓடுகிற நேரம் இன்வேட்டர் அவ்வளவாக விழுவதில்லை.

முள்ளியவளைத் தம்பி, தாங்கியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், எத்தனை லீற்றர், எத்தனை வாற் என்று. அதையும் மீற்றர் பெட்டியையும் கதவைத் திறந்து படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளே எதையும் தொடவேண்டாம். பார்த்துவிட்டு, எலெக்ற்றீசியனிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே நாலு வரி எழுதித் தருகிறேன். இப்போது தண்ணி கொதித்துவிட்டது, அம்மா இரண்டாம் முறை கூப்பிடுகிறார்.