சிடிசி ரோலர் துருவலைப் பொடியாக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். குன்னூர் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரிகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர்களுக்குப் பல் தீட்டித் தருவதுதான் முக்கிய வேலை. அதில் விழும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவல் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. பழைய இரும்பு விலைக்குப் போட்டால், மேட்டுப்பாளையம் இறக்கும் வண்டி வாடகைக்கே சரியாகிவிடுகிறது.

சரி, அரைத்துப் பொடியாக்கலாம் என்று ஒரு பால் மில் (Ball mill, சுழலும் டிரம்முக்குள் இரும்புக் குண்டுகள் விழுந்து அரைக்கும் இயந்திரம்) செய்தேன். டிரம்மின் உள்விட்டம் 30 செ.மீ., குண்டுகள் 20 மி.மீ. கணக்குப்படி நிமிடத்துக்கு 80 சுற்றைத் தொட்டால் குண்டுகள் விழாமல் சுவரோடு ஒட்டிச் சுற்றும். அதனால் 56-இல் ஓட்டுகிறேன். துருவல் ஒரு கிலோவுக்குக் குண்டு பத்து கிலோ.

வார்ப்பிரும்புத் துருவல் அழகாக நொறுங்கியது. ரோலரில் விழும் இந்த 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் படுத்துகிறது. உடையாமல் அவல் மாதிரி தட்டையாகிறது, டிரம்மிலும் அப்பிக்கொள்கிறது. முன்பு காந்தத்தில் ஒட்டாத துருவல் இப்போது ஒட்டுகிறது. அடிபட்டு உள்ளமைப்பு மாறுவதால் அப்படி ஆகும், அது கவலையில்லை.

கேட்க வந்தது இதுதான்: அப்பாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் எவ்வளவு போடுகிறீர்கள்? 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 கண்) சல்லடையில் இறங்க எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள்? துருவலில் ஒட்டியிருக்கும் கூலன்ட் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். ஆனால் இந்த மூடுபனியில் எதுவும் காய்வதில்லை, ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேறு வழி உண்டா? அப்புறம், இந்தத் தட்டைப் பொடியை யார் வாங்குவார்கள்?

அலுமினியத்தை மட்டும் அரைக்கச் சொல்லாதீர்கள். அதன் நுண்பொடி காற்றில் பறந்தால் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும்.