ஆவித்தணிப்பும் நீர்க்குளிர்விப்பானும்: மீன்தொட்டிக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மீன்தொட்டிக் கையேட்டின் கோடைக்காலப் பகுதிக்காகத் தொடங்கிய இந்த இழையில் நீர்க்குளிரூட்டி, தண்மி, ஆவிக்குளிர்ச்சி, குளிர்விப்பான் என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான்கையும் ஒரே பொருளுக்குப் போட்டியிடும் சொற்களாகவே நாம் எடைபோட்டு வருகிறோம் என்பதுதான் என் கவலை. தொட்டி நீரின் சூட்டைக் குறைக்க வீடுகளில் நடப்பவை அடிப்படையிலேயே வேறான இரண்டு வேலைகள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கையேட்டை நம்பி விசிறி வாங்குபவர் அதனால் ஆகாத ஒன்றை எதிர்பார்ப்பார். அதற்குள் தொட்டியில் மீன் செத்து மிதக்கும்.

முதல் வேலை, தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியின் காற்றை ஓடவிடுவது. காற்றுப் பட்டதும் நீர் விரைந்து ஆவியாகிறது. ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை எஞ்சிய நீரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. (இலங்கைப் பாடநூல்களில் இதற்கு மறைவெப்பம் என்பது வழக்கு. கையேட்டில் இரண்டையும் ஒருமுறை சேர்த்துக் குறிப்பிட்டுவிடலாம்.) 100 லிட்டர் தொட்டியில் ஒரு பாகை (செல்சியஸ்) குறைய ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் நீர் ஆவியானால் போதும், அறையிலிருந்து திரும்ப ஏறும் சூட்டை ஈடுகட்ட ஆவியாகும் நீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறைக்குள் வரும் காற்று குளிர்வதும் இதே முறையில்தான்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள்; அதற்குக் கீழே எந்த விசிறியாலும் நீரைக் கொண்டுபோக முடியாது. காற்று 39 பாகையும் ஈரப்பதம் 25 விழுக்காடுமாக இருக்கும் உள்நாட்டு நண்பகலில் அந்த எல்லை 24 பாகைக்கு அருகில் இருக்கும். கடற்காற்று ஏறிய பிறகு காற்று 34 பாகையும் ஈரப்பதம் 65 விழுக்காடுமாக மாறும் சென்னை மாலையிலோ அது 28 பாகையைத் தாண்டிவிடும். வெயில் குறைந்தும் விசிறியின் பயன் குறைவதைக் கண்டு என் வீட்டில் முதல் ஆண்டு நான் குழம்பிப்போனேன். கத்திரி வெயிலில் 33 பாகையைத் தொட்ட தொட்டி, விடிய விடிய விசிறி ஓடியும் 30 பாகையிலேயே நின்றது.

இரண்டாவது வேலை, கடையில் சில்லர் என்று விற்கும் கருவி செய்வது. குளிர்பெட்டியில் உள்ளதுபோன்ற அமுக்கி (கம்ப்ரசர்) வைத்ததாக இருந்தாலும், மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு வைத்ததாக இருந்தாலும், அது மின்னாற்றலைச் செலவழித்து நீரின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஈரக்குமிழ் எல்லை அதற்கு இல்லை. தன் திறனுக்கு உட்பட்டு, காற்றைவிடப் பல பாகை குளிர்ந்த நிலையில் நீரை நிறுத்தி வைக்க அதனால் முடியும். பொன்மீனுக்குப் பொருத்தமான 20 பாகையைச் சென்னையின் மே மாதத்தில் தரக்கூடியது இந்த இரண்டில் இது ஒன்றுதான்.

பாகைக் கணக்கை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 32 பாகையில் அது 7.3 ஆகிவிடும். அதே சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடும். நீரில் உள்ள அம்மோனியாவின் நச்சுப் பங்கும் சூட்டோடு ஏறும்: பிஎச் அளவு 8 என்றால் 25 பாகையில் 5.4 விழுக்காடாக உள்ள அது 30 பாகையில் 7.5 ஆகிறது. நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் ஓர் இளைஞரிடம் என் தொட்டியின் நிலையைச் சொல்லி வழி கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மூடிய எடுத்துட்டு ஃபேன் வைங்கண்ணா, சூடு தணியும். சில்லுனு வேணும்னா சில்லர்தான் போடணும்.” கலைச்சொல் என்ற எண்ணமே இல்லாத ஒருவர் அந்த இரண்டு வேலைகளையும் இரண்டு சொற்களால் பிரித்துக் காட்டிவிட்டார். தணிவது வேறு, குளிர்வது வேறு. காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, சினம் தணிகிறது. மிகுந்திருந்த ஒன்று குறைந்து அடங்குவதைத்தான் அந்த வினை சொல்கிறது. முருகனின் சினம் தணிந்த இடம் என்று தலபுராணம் சொல்லும் திருத்தணியின் பெயரிலும் அந்தப் பொருளே நிற்கிறது. தணிந்தது குளிர்ந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விசிறியின் வேலைக்கு இதைவிடப் பொருந்தும் வினை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது: விசிறியால் நடப்பது ஆவித்தணிப்பு, கருவியால் நடப்பது குளிர்விப்பு, அந்தக் கருவி நீர்க்குளிர்விப்பான். ஆவித்தணிப்பு எட்டக்கூடிய கீழெல்லையைத் தணிவெல்லை என்று சொல்லலாம். ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற பாடநூல் சொல் கையேட்டில் இருக்கட்டும். ஆனால் இயற்பியல் படிக்காத வாசகர் கையில் பிடித்துக்கொள்ளத் தணிவெல்லை உதவும் என்று நினைக்கிறேன்.

முன்பு வந்த சொற்களை நான் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிரூட்டி என்பது எழுத்து வழக்கில் ஏசிக்கு உரியதாக நிலைத்துவிட்டது. “தொட்டிக்குக் குளிரூட்டி பொருத்துங்கள்” என்று எழுதினால், அறைக்கு ஏசி போடச் சொல்கிறோம் என்றுதான் பலர் படிப்பார்கள். அதுவும் தொட்டியைக் காக்கும் ஒரு வழியே என்பதால் குழப்பம் இன்னும் கூடும். குளிர் என்பது ஊட்டக்கூடிய பொருள் அன்று, வெப்பத்தை அகற்றுவதே நடக்கிறது என்று நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. கதிரவன் எழுகிறான் என்று சொல்லும் மொழியில் சொல்லின் உறுப்புகளை அவ்வளவு தூரம் கேள்வி கேட்கத் தேவையில்லை.

தண்மி என்ற சொல்லை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மா முன்வைத்திருக்கிறார். தண்மையான நீரே தண்ணீர் என்று அவர் நினைவூட்டியது நெஞ்சைத் தொட்டது; வெந்துபோன தொட்டி நீரை மீண்டும் அந்தப் பெயருக்கு உரியதாக்கும் கருவிக்கு இது அழகான சொல்தான். ஆனால் தொலைபேசியில் சொன்னால் தண்ணி என்றே காதில் விழும். மேலும் தண்மி என்பதிலிருந்து, பேச்சில் புழங்கும் வினை பிறக்கவில்லை. “நீர் இரண்டு பாகை தணிந்தது”, “இரவுக்குள் தணித்துவிடலாம்”, “தணிவு போதவில்லை” என்று வினையும் பெயருமாகக் கிளைக்கும் சொல்தான் கையேட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் பயன்படும்.

நான் நெடுநாள் விரும்பியிருந்த சொல் ஒன்றைக் கைவிட்டதையும் இங்கே பதிய விரும்புகிறேன். டீயை உயர்த்தி ஊற்றி ஆற்றும்போது நடப்பதும் பெருமளவு இதே ஆவியாதல்தான் என்பதால், ஆற்று என்ற வினையே மிகப் பொருத்தமானது என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதைப் பெயராக்கினால் ஆவியாற்றல் என்று வந்து நிற்கிறது. படிப்பவருக்கு நீராவியின் சக்தியோ இறந்தவரின் ஆவியின் சக்தியோ நினைவுக்கு வருமே தவிர, ஆறிய நீர் வராது. ஆவியாற்றுகை என்று திருத்தியும் பார்த்தேன். அது நாவில் ஓடவில்லை.

ஆவித்தணிப்பின் மேல் எனக்கே ஒரு தயக்கம் உண்டு. சமையலறையில் ஆவி என்றால் சூடு: இட்லி ஆவியில் வேகிறது, சளிக்கு ஆவி பிடிக்கிறோம். ஈரத்தணிப்பு என்றால் அந்தச் சூட்டு வாடை இருக்காது, ஈரக்குமிழோடும் ஒத்துப்போகும் என்று எண்ணிப் பார்த்தேன். ஆனால் ஈரத்தைத் தணிப்பது, அதாவது அறையின் ஈரப்பதத்தைக் குறைப்பது என்ற நேர்மாறான பொருளுக்கு அது இடம் கொடுக்கிறது. ஆவியாதல் பள்ளியிலேயே பழகிய சொல். தவிர, என் தொட்டியில் விசிறி ஓடிய நாட்களில் நீர் விரலகலம் இறங்கி, கண்ணாடியில் முன்பிருந்த மட்டத்தில் வெள்ளையாய் ஓர் உப்புக்கோடு படிந்திருக்கும். சூட்டைத் தூக்கிக்கொண்டு போன நீர் எவ்வளவு என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. ஆவி என்ற சொல் பெயரில் இருந்தால்தான், குறைந்த நீரை ஈடுசெய்ய வேண்டும் என்பது வாசகருக்கு உறைக்கும்.

குளிர்விப்பி, குளிர்விப்பான் இரண்டில் எதுவாயினும் எனக்கு உடன்பாடே. கடைகளில் சில்லர் என்ற சொல்லும் தொடரட்டும். முதல் பயன்பாட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதலாம். சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கக் கையேட்டுக்கான பத்தி ஒன்றை எழுதியிருக்கிறேன். தட்டுகிற இடத்தைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

“தொட்டி நீர் 31 பாகையைத் தாண்டினால் முதலில் ஆவித்தணிப்பைச் செய்து பாருங்கள். கண்ணாடி மூடியை எடுத்து, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலையைப் பொருத்தி, விசிறியின் காற்று நீர்ப்பரப்பை ஒட்டிச் செல்லுமாறு வையுங்கள். விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை மீண்டும் மீண்டும் ஊற்றினால் நீரின் கடினத்தன்மை ஏறிவிடும் என்பதால், குறைந்த நீரை உப்புக் குறைந்த நீரால் நாள்தோறும் ஈடுசெய்யுங்கள். பனிக்கட்டியை நேரே போடாதீர்கள். வெப்பநிலை சட்டென்று இறங்கினால் மீன் தாங்காது. உங்கள் ஊரின் தணிவெல்லையே மீனுக்குத் தேவையான அளவுக்கு மேலே இருந்தால் இன்னொரு விசிறியை வாங்காதீர்கள். நீர்க்குளிர்விப்பானை வாங்குங்கள், அல்லது 28 பாகையிலும் நலமாக வாழும் மீனைத் தேர்ந்தெடுங்கள்.”