18 அடி ஃபைபர் படகு, 15 எச்பி அவுட்போர்டு: எந்த பிட்ச் புரொப்பல்லர் வாங்கலாம்?

மாலாட்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் மும்பை மட் தீவில் இருக்கும் கோலி மீனவ நண்பர் ஒருவரும் சேர்ந்து 18 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். இன்ஜின் 15 எச்பி, டூ ஸ்ட்ரோக், ஷார்ட் ஷாஃப்ட், செகண்ட் ஹேண்ட். கூடவே வந்த புரொப்பல்லரில் 9¼ x 12 என்று அடித்திருக்கிறது, அதாவது விட்டம் 9¼ அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே போகும் தூரம்) 12 அங்குலம். அலுமினியம், மூன்று பிளேடு. முன்பு வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட மட்டும் போனவர். நாங்களோ வலை, ஐஸ் பெட்டி, மூன்று ஆள் என்று போகிறோம். சும்மா ஓட்டிப் பார்த்தால் பறக்கிறது, ஆனால் பாரத்தோடு திரும்பும்போது அணியத்தை (முன்பக்கத்தை) தூக்கிக்கொண்டு முக்குகிறது, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் சத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது. படகுத்துறையில் ஒரு மெக்கானிக் 9 பிட்ச் போடு என்கிறார். கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார், விலையோ அலுமினியத்தைவிடப் பல மடங்கு. ஜூன் 1 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். என்ன வாங்குவது?

பழைய மெக்கானிக்:
தம்பி, யார் சொல்லும் நம்பரையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் உங்கள் இன்ஜின் முழு த்ராட்டிலில் (ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது) எத்தனை ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, சுற்றுகிறது என்று தெரிய வேண்டும், அது தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் குத்துமதிப்புதான். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன டேக்கோமீட்டர் கிடைக்கும், அது போதும். இன்ஜின் மேனுவலில் முழு த்ராட்டிலுக்கு ஒரு வரம்பு போட்டிருப்பான், அதையும் பாருங்கள்.

இரண்டு ஓட்டம் எடுங்கள், ஒன்று காலிப் படகில், இன்னொன்று நீங்கள் நிஜமாகவே மீனோடு திரும்பும்போது இருக்கும் பாரத்தில். ஃபோனில் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே திசையில் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மார்வே முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது இருக்கும் இழுப்பு கணக்கையே கெடுத்துவிடும், போகும் திசை, வரும் திசை இரண்டையும் எடுத்து சராசரி பாருங்கள்.

அதற்கும் முன்னால் படகைக் கரையில் ஏற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுங்கள். சிப்பியும் பாசியும் ஒட்டியிருந்தால் நல்ல புரொப்பல்லர்கூடத் தோற்றுப்போகும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் அந்தப் பட்டைத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். ஷார்ட் ஷாஃப்ட் என்றால் இன்ஜின் மாட்டும் பின்பலகை சுமார் 15 அங்குல உயரம்தான் இருக்கலாம். அதைவிட உயரமாக இருந்தால் திரும்பும்போது காற்றை உறிஞ்சி இன்ஜின் வீறிடும், நீங்கள் அதற்கு புரொப்பல்லரைக் குறை சொல்வீர்கள்.

மாலாட்காரன்:
நன்றி அண்ணா. சுரண்டியாயிற்று, உயரமும் சரியாகவே இருக்கிறது. மேனுவலில் 4500 முதல் 5500 ஆர்பிஎம் வரை. காலியாக 4900, மணிக்கு 29 கிமீ. முழு பாரத்தில் 4100தான் ஏறுகிறது, 14 கிமீ. கியர் விகிதம் 2.08 (இன்ஜின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று).

டாக்யார்டு ரோடு:
இந்த எண்களே பதிலைச் சொல்லிவிடுகின்றன. 12 பிட்ச் என்றால் நீரில் வழுக்கி வீணாகாதபோது ஒரு சுற்றுக்கு 12 அங்குலம் முன்னே போகும் என்று பொருள். 4100ஐ 2.08ஆல் வகுத்தால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1970 சுற்று, அதை 12ஆல் பெருக்கினால் மணிக்கு 36 கிமீ வருகிறது. நீங்கள் போனது 14. அறுபது சதவீதத்துக்கு மேல் வழுக்கல்! காலியாக இருக்கும்போது கணக்குப்படி 43, போனது 29, வழுக்கல் மூன்றில் ஒரு பங்கு, இந்த அளவு படகுக்கு அது சாதாரணம். ஆக பாரத்தில் படகு நீர்மேல் ஏறவே இல்லை, நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பெரிய கியரிலேயே மிதிப்பது போல இருக்கிறது இன்ஜினின் நிலை.

முழு த்ராட்டிலில் 4500க்குக் கீழே நெடுநேரம் முக்க விடுவது டூ ஸ்ட்ரோக்குக்கு ரொம்பக் கெடுதல். கரி படியும், பிஸ்டன் சூடேறும். நம் கழிமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளையையும் அடைத்துவிட்டால் இன்ஜின் சீஸ் ஆக (இறுகி நிற்க) வெகுநேரம் ஆகாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

பொதுவாக ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 9க்கு வந்தால் பாரத்தில் 4550 முதல் 4700 வரை, காலியாக 5350 முதல் 5500 வரை. இரண்டுமே வரம்புக்குள். மெக்கானிக் சொன்னது சரி. விட்டத்தை மாற்ற நினைக்காதீர்கள், இந்தச் சின்ன கியர் பாக்ஸில் அதற்கு இடமும் அதிகம் இல்லை.

தூத்துக்குடி டு தாராவி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. 9 போட்டால் காலியாகப் போகும்போது 5500ஐத் தொட்டுக்கொண்டே ஓடும், அலையில் புரொப்பல்லர் வெளியே வந்தால் இன்னும் மேலே போகும். 10 போடலாமே, வேகமும் கொஞ்சம் மிஞ்சும்.

பழைய மெக்கானிக்:
10 போட்டால் பாரத்தில் 4400இலிருந்து 4500க்குள்தான் நிற்கும், அது வரம்பின் கீழ்விளிம்பு. படகு பாரம் ஏற்றத்தான் வாங்கியிருக்கிறார்கள். காலியாகப் போகும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் ஆர்பிஎம் இறங்கிவிடும், அது கையில் இருக்கிறது. பாரத்தில் முக்கும்போது கையில் எதுவுமே இல்லை. வேகம் மிஞ்சும் என்பதும் சரியல்ல, 9 பிட்ச் 4600இல் சுற்றினாலே கணக்குப்படி 30 கிமீ வருகிறது, இவர்கள் இப்போது போவது 14. குறைந்த பிட்ச்சில் பாரத்தோடு கூடுதலாகத்தான் போகும். அதனால் 9 என்பதுதான் என் முடிவு.

ஸ்டெயின்லெஸ் வேண்டாம். பிளேடு மெல்லியது, வளையாது, வேகம் தரும், எல்லாம் உண்மை. ஆனால் நம் பக்கம் நீர் வற்றும்போது பாறையும் சேறும் எங்கே தட்டும் என்று சொல்ல முடியாது. அலுமினியம் தட்டினால் பிளேடு வளையும், கியர் பிழைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் அடியை வாங்கிக்கொள்ளும் என்றாலும் ஸ்டெயின்லெஸ்ஸில் எனக்கு அந்த தைரியம் இல்லை. இன்ஜின் இரைகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் அந்த புஷ் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் அலுமினியம் 9 பிட்ச்சில் இரண்டு வாங்கி, ஒன்றை நட்டு, அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின், ஸ்பேனரோடு படகிலேயே வையுங்கள்.

மாலாட்காரன்:
சரி அண்ணா, 9தான். மாட்டும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

டாக்யார்டு ரோடு:
பழையதைக் கழற்றியதும் ஷாஃப்டில் தங்கூசி (தூண்டில்) நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், வாஷருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கியர் ஆயிலை எடுத்துப் பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, ஆயில் சீல் மாற்றாமல் ஓட்டவே கூடாது. ஷாஃப்டின் பல்லில் மரைன் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் இறுகி அடுத்த முறை கழற்றவே வராது. காட்டர் பின் புதிதாகப் போடுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு காலியிலும் பாரத்திலும் வரும் ஆர்பிஎம் இரண்டையும் இங்கே போடுங்கள்.